வீடும் வளவும்: தடாகத் தண்ணீர் கலங்கினால்

பொகுட்டுக்காவா மரங்கள் சிவப்பாகப் பூக்கத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வருகின்ற கேள்விகளும் மாறிவிடுகின்றன. குளிர் காலத்தில் படுக்கை அறைச் சுவரில் பூஞ்சணம் பிடிப்பது பற்றிக் கேட்டவர்கள் இப்பொழுது நீச்சல் தடாகத்தைப் பற்றிக் கேட்கின்றார்கள். இம்முறை வந்தவற்றில் ஒன்றை அப்படியே தருகின்றேன்.

"பழைய வீடு ஒன்று வாங்கினோம். பின்வளவில் தடாகம் இருக்கின்றது. வந்த புதிதில் கண்ணாடி போல் இருந்த தண்ணீர் இப்போது அரிசி கழுவின தண்ணீர் போலக் கிடக்கின்றது. கடையில் தந்த மூன்று போத்தல்களையும் ஊற்றிப் பார்த்தாயிற்று. பிள்ளைகள் நத்தார் விடுமுறையில் குளிக்கக் காத்திருக்கின்றார்கள். எல்லாவற்றையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடலாமா?"

இறைக்க வேண்டாம். நான்காவது போத்தலும் வாங்க வேண்டாம். பிள்ளைகளை இறக்கவும் வேண்டாம். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் விளக்க வேண்டும்.

கலங்கிய தண்ணீரால் தோலில் கடி வரலாம், கண் சிவக்கலாம், வயிற்றோட்டம் வரலாம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றைவிடப் பெரிய ஆபத்து, அடியில் கிடப்பது மேலே நிற்பவரின் கண்ணுக்குத் தெரியாது என்பதே. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபோல் ரிவர் என்ற ஊரில், 2011 ஜூன் மாதம் 26ஆம் திகதி, பொதுத் தடாகம் ஒன்றில் ஒரு பெண் மூழ்கிப் போனார். தண்ணீர் கலங்கியிருந்தது. அவருடன் வந்திருந்த சிறுவன், அவர் மேலே வரவில்லை என்று உயிர்காப்பாளரிடம் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. தடாகம் மூடப்படவில்லை. அடுத்த இரண்டு நாட்களும் சனங்கள் அதே தண்ணீரில் நீந்தினார்கள். நகர சுகாதாரப் பரிசோதகர்களும் வந்து போனார்கள். 28ஆம் திகதி இரவுதான் உடல் மேலே வந்தது.

சம்பளத்துக்கு உயிர்காப்பாளர் நிற்கின்ற பொதுத் தடாகத்தில் நடந்தது இது. எங்கள் பின்வளவில் நிற்பவர் யார்? ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அம்மம்மா. அல்லது சமையலறை யன்னலால் இடைக்கிடை எட்டிப் பார்க்கும் அம்மா. எங்களில் பலருக்கு நீச்சல் தெரியாது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஆகவே ஒரே ஒரு சட்டத்தை வீட்டில் வைத்துக் கொள்ளலாம். ஆகவும் ஆழமான இடத்தின் அடித்தரை, அங்கே இருக்கும் வடிகால் மூடியின் ஓட்டைகள் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே குளிப்பு. விருந்தாளி வந்து நின்றாலும் சரி, பிறந்தநாள் கொண்டாட்டம் என்றாலும் சரி, இதில் விட்டுக் கொடுப்பு இருக்கக் கூடாது.

இனி இறைப்பது பற்றி.

இந்த எண்ணம் எங்களுக்கு ஏன் வருகின்றது என்பது விளங்குகின்றது. நாங்கள் கிணற்றுக்காரர். யாழ்ப்பாணத்தில் கிணறு கலங்கினால் இறைத்து, சேறு அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஊற்று விடுவதைப் பார்த்துக் கொண்டிருப்போம். அடுத்த நாள் விடியத் தண்ணீர் பளிங்கு போல் நிற்கும். வெள்ளம் வந்து வடிந்த பின்னர் சுகாதாரப் பரிசோதகர் வந்து வெளிற்றும் தூள் போடுவார், இரண்டு நாள் மணக்கும், அவ்வளவுதான். கீரிமலைக் கேணியை நினைத்துப் பாருங்கள். ஆடி அமாவாசைக்கு எத்தனை ஆயிரம் பேர் அதில் இறங்குகின்றார்கள்! ஆனாலும் அது நாறுவதில்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியால் ஊறிவரும் நல்ல தண்ணீர் கேணிக்குள் வந்து, பக்கத்திலுள்ள கடலுக்குள் போய்க் கொண்டே இருக்கின்றது. சுத்தம் செய்யும் வேலையை ஊற்றே பார்த்துக் கொள்கின்றது.

தடாகத்துக்கு ஊற்று இல்லை. அதற்கு ஊற்று, ஒரு மூலையில் கொட்டிலுக்குள் இரைந்து கொண்டிருக்கும் பம்பும் அதன் பக்கத்திலுள்ள வடிகட்டியும்தான். இதை மனதில் வைத்துக் கொண்டால் மீதி எல்லாம் இலகுவாக விளங்கும். கலங்கிய தடாகங்களில் அரைவாசிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிழை இருக்கும் என்பது என்னுடைய அபிப்பிராயம். மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து பம்பை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் ஓட்டுவார்கள். பிறகு அந்தக் காசை இரண்டு மடங்காகப் போத்தல் கடைக்குக் கொடுப்பார்கள்.

இறைத்து ஊற்றுவதில் வேறு வில்லங்கங்களும் உண்டு. ஒக்லாந்தில் தண்ணீருக்கு மானி பார்த்துக் காசு. உள்ளே வரும் தண்ணீரின் அளவைக் கொண்டே கழிவுநீருக்கும் கணக்குப் போட்டு வோட்டர்கெயார் நிறுவனம் பில் அனுப்பும். காசு இருந்தாலும் எப்போதும் தண்ணீர் கிடைக்கும் என்றில்லை. 2020இல் வந்த வரட்சியில், மே மாதம் 16ஆம் திகதியிலிருந்து வீடுகளில் வெளியே குழாய் பிடிப்பதையே தடை செய்தார்கள். அந்த நேரம் தடாகத்தை வெறுமையாக்கியவர் அப்படியே வைத்துப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஒக்லாந்தில் பல இடங்களில் களிமண் நிலம். மழைக்குப் பின்னர் நிலத்துக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஃபைபர்கிளாஸ் தடாகத்தை வெறுமையாக்கினால், உள்ளே பாரம் இல்லாதபடியால் நிலத்தடித் தண்ணீர் அதை வள்ளம் போல மேலே கிளப்பிவிடும். கிளம்பினால் திரும்ப இருத்த முடியாது. சீமெந்துத் தடாகமும் வெடிக்கலாம். எனவே முழுமையாக இறைப்பது, விஷயம் தெரிந்தவரை வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

சரி, கலங்கல் என்பது என்ன? கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத சிறு துகள்கள் தண்ணீரில் தொங்கிக் கொண்டு நிற்கின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால் தண்ணீர் பால் போலத் தெரிகின்றது. அந்தத் துகள் என்ன என்பதுதான் கேள்வி. மழையோடு வந்த மண்ணாக இருக்கலாம், பிறக்கத் தொடங்கியுள்ள பாசியாக இருக்கலாம், செத்த பாசியாக இருக்கலாம், சுண்ணாம்பாக இருக்கலாம், உடம்பிலிருந்து கழன்ற எண்ணெயும் வியர்வையுமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. என்ன என்று தெரியாமல் போத்தலை ஊற்றுவது, காய்ச்சலா வயிற்றுக்குத்தா என்று கேளாமல் மருந்து கொடுப்பதற்குச் சமன்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய மூன்று சோதனைகள் இருக்கின்றன. முதலாவது, காலால் சுவரைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் பாசி, கண்ணுக்குப் பச்சை தெரியாவிட்டாலும் பாசிதான். இரண்டாவது, நிறமில்லாத போத்தல் ஒன்றில் தடாகத் தண்ணீரை எடுத்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்திருந்தால் மண் அல்லது செத்த பாசி. மூன்றாவது, ஒரு கிளாசில் தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் வினாகிரி விட்டுக் கலக்குங்கள். உடனே தெளிந்தால் அது சுண்ணாம்பு. ஊரில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதே சாமான். இங்கே அணைகளிலிருந்து வரும் தண்ணீர் மென்மையானது. கேத்தலில் அவ்வளவாகப் படிவதில்லை. ஆனால் கல்சியம் ஹைப்போகுளோரைற் என்ற குளோரின் தூளை ஆண்டுக் கணக்காகப் போட்டு வந்த தடாகத்திலும், சீமெந்துச் சுவருள்ள தடாகத்திலும் சுண்ணாம்பு சேரும்.

இவற்றோடு தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். பட்டைக் கடதாசியைவிடச் சொட்டு மருந்துப் பெட்டி திறம். அதுவும் இல்லையென்றால் ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தடாகச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். பல கடைகளில் காசில்லாமல் சோதித்து எழுதித் தருவார்கள். தண்ணீரை மேலால் அள்ள வேண்டாம். முழங்கை மட்டத்துக்குக் கையை விட்டு, தண்ணீர் உள்ளே வரும் துவாரத்துக்குத் தூரமாக எடுக்க வேண்டும். அவர் எழுதித் தரும் இலக்கங்களை வாங்கி வாருங்கள். போத்தல்களைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி கேட்ட வாசகருக்கு இப்போது வேலையை ஒழுங்காகச் சொல்கின்றேன். ஒழுங்கு முக்கியம்.

முதலில் ஊற்றைத் துப்புரவாக்குங்கள். தண்ணீரை மேலால் இழுக்கும் ஸ்கிம்மர் கூடையைத் திறந்து பாருங்கள். டிசெம்பர் மாதத்தில் பொகுட்டுக்காவாப் பூவின் சிவப்பு நூல்கள் அதற்குள் பாய் பின்னின மாதிரி அடைத்துக் கிடக்கும். பம்பின் முன்னாலுள்ள கூடையிலும் அப்படியே. தடாகத்தின் நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் அரைவாசிக்கு நிற்க வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். பிறகு வடிகட்டி. மணல் வடிகட்டி என்றால் மேலே ஓர் அழுத்தமானி இருக்கும். கழுவின உடனே முள் எங்கே நிற்கின்றது என்று ஒரு பேனையால் குறித்து வையுங்கள். அதைவிட 50 முதல் 70 கிலோபாஸ்கல் ஏறினால் மணல் அடைத்துவிட்டது என்று அர்த்தம். பம்பை நிறுத்திவிட்டு வால்வுப் பிடியை "பேக்வோஷ்" என்ற இடத்துக்குத் திருப்பி, பம்பைப் போட்டு, கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளிவாகும் வரை இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். திரும்பவும் நிறுத்தி, "றின்ஸ்" என்ற இடத்தில் அரை நிமிடம் ஓட்டுங்கள். இந்த அரை நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகின்றார்கள்; மணலுக்குள் மிச்சமிருக்கும் அழுக்கு முழுவதும் அப்படியே தடாகத்துக்குள் திரும்பி வந்துவிடும். பம்ப் ஓடும்போது மட்டும் அந்தப் பிடியைத் திருப்பாதீர்கள். உள்ளே இருக்கும் றபர் வளையம் கிழிந்துவிடும். கடதாசி மடிப்புப் போன்ற கார்ட்றிட்ஜ் வடிகட்டி என்றால் கழற்றி, மடிப்பு மடிப்பாகக் குழாய் பிடித்துக் கழுவ வேண்டும்.

பேக்வோஷ் தண்ணீரை எங்கே விடுவது? வீதியோரத்து மழைநீர் வடிகாலுக்குள் விடக் கூடாது. அது சுத்திகரிப்பு ஒன்றும் இல்லாமல் நேரே ஓடைக்கும், பிறகு கடலுக்கும் போகின்றது. குளோரின் தண்ணீர் ஓடை மீனையும் விலாங்கையும் கொன்றுவிடும். வீட்டுச் சுவரோடு இருக்கும் கழிவுநீர்க் கிடங்கு வழியாக மெல்ல மெல்ல விட வேண்டும்.

இனி எவ்வளவு நேரம் ஓட்டுவது? ஒரு சின்னக் கணக்கு. 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம் என்றால் ஏறத்தாழ 45,000 லீற்றர். உங்கள் பம்ப் மணிக்கு 10,000 லீற்றர் இறைக்குமென்றால் நாலரை மணித்தியாலத்தில் 45,000 லீற்றர் வடிகட்டிக்குள்ளால் போய்விடும். அப்படியானால் எல்லாத் தண்ணீரும் வடிகட்டப்பட்டுவிட்டதா? இல்லை. வடித்த தண்ணீர் கலங்கிய தண்ணீரோடு கலந்து கொண்டே இருப்பதால், முதற் சுற்றில் ஏறத்தாழ 63 சதவீதந்தான் உண்மையில் உள்ளே போய் வந்திருக்கும். இரண்டாவது சுற்றில் 86. மூன்றாவது சுற்றில் 95. ஆகவே கலங்கிய தடாகத்துக்கு இரவு பகலாக ஓட்டுவதே முறை. தெளிந்த பின்னர், கோடையில் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் போதும்.

அடுத்தது குளோரின். தடாகத் தண்ணீரில் லீற்றருக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வரை உயிருள்ள குளோரின் நிற்க வேண்டும். நான் "உயிருள்ள" என்று சொல்வது, வேலை செய்யக் கூடிய நிலையில் இருப்பதை. வியர்வை, சிறுநீர், தலை எண்ணெய் இவற்றோடு பிடிபட்ட குளோரின் செத்த குளோரின். அதுதான் மூக்கில் அடிக்கின்றது, கண்ணைக் கடிக்கின்றது. "குளோரின் மணம் கூடிவிட்டது, போடாமல் விடுவோம்" என்று சொல்வது தலைகீழான முடிவு. மணம் கூடினால் நல்ல குளோரின் போதாது என்றே அர்த்தம்.

எண்ணெய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகிற பழக்கம் நல்ல பழக்கம். ஆனால் அந்தத் தலையோடு தடாகத்தில் இறங்கினால் ஒரு வாரக் குளோரினை அது தின்றுவிடும். சவர்க்காரம் போட்டுத் தோய்ந்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். ஊரில் கோயில் கேணியில் இறங்க முதல் கால் கழுவின சனந்தானே நாங்கள்.

பாசி இருந்தால், சாதாரண அளவு போதாது. சுவரையும் அடியையும் தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டு, பொழுது பட்ட பிறகு, லீற்றருக்கு 10 மில்லிகிராம் வரும்படி ஒரே தடவையில் போட வேண்டும். மேலே சொன்ன 45,000 லீற்றர் தடாகத்துக்கு, 65 சதவீதக் கல்சியம் ஹைப்போகுளோரைற் தூள் ஏறக்குறைய 700 கிராம். பொழுது பட்ட பிறகு என்று சொல்வதற்குக் காரணம் இந்நாட்டு வெயில். நியூசிலாந்தின் கோடைக்காலப் புற ஊதாக் கதிர் மிகக் கடுமையானது. மறைப்பு இல்லாத குளோரினைச் சில மணித்தியாலங்களில் அழித்துவிடும். அதனால்தான் சயனூரிக் அமிலம் என்ற பாதுகாப்பு மருந்தை லீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை வைக்கின்றார்கள். மிதக்கும் குளோரின் வில்லைகளில் அது ஏற்கெனவே கலந்திருக்கின்றது. ஆண்டுக் கணக்காக வில்லை மட்டுமே போட்டு வந்தால் அது அளவுக்கு மீறிச் சேர்ந்து, குளோரினின் கையைக் கட்டிப் போட்டுவிடும். சோதனையில் 100க்கு மேல் வந்தால், தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வாசகர் கேட்ட "இறைத்து ஊற்றுவது" ஓரளவு சரியாக வரும் இடம் இது ஒன்றுதான். அதுவும் கால்வாசி, மூன்றிலொரு பங்கு என்று படிப்படியாக.

உப்புத் தடாகம் வைத்திருப்பவர்கள் "எங்களுடையதில் குளோரின் இல்லை" என்று சொல்வதைக் கேட்டிருக்கின்றேன். இருக்கின்றது. உப்பிலிருந்து அந்த இயந்திரம் குளோரினைத்தான் செய்கின்றது.

பீ.எச். அளவு 7.2 முதல் 7.6 வரை நிற்க வேண்டும். 7.5இல் குளோரினின் அரைவாசி பலமாக வேலை செய்யும். 8க்குப் போனால் கால்வாசிதான். காசு கொடுத்து வாங்கினதில் முக்கால் பங்கு சும்மா நிற்கும். அத்தோடு, பீ.எச். ஏறினால் கரைந்திருந்த சுண்ணாம்பு வெளியே வந்து தண்ணீரை வெளுப்பாக்கும். வினாகிரிச் சோதனையில் தெளிந்தவர்களுக்கு வைத்தியம் இதுவே: தடாக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பீ.எச்.ஐ இறக்குவது. மறுவளமாக, பீ.எச். நிலையில்லாமல் ஏறி இறங்கினால் காரத்தன்மை குறைந்திருக்கும். லீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் இருக்க வேண்டும். அதைக் கூட்டுவதற்குக் கடையில் விற்கும் வாளிக்குள் இருப்பது வேறொன்றும் இல்லை, நாங்கள் அப்பத்துக்குப் போடும் அதே அப்பச்சோடா.

குளோரின் போட்ட அடுத்த நாள் பச்சைத் தன்மை போய்த் தண்ணீர் சாம்பல் வெள்ளையாக மாறும். இந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் பயந்து இன்னொரு போத்தலுக்கு ஓடுகின்றார்கள். பயப்பட வேண்டாம். பாசி செத்துவிட்டது; பிணம் மிதக்கின்றது. அதை அகற்றுவது வடிகட்டியின் வேலை. மணல் வடிகட்டியின் கண்ணை விடச் சின்னத் துகள்கள் திரும்பத் திரும்பத் தப்பி வரும். மூன்று நாள் இரவு பகலாக ஓட்டி, இடையிடையே பேக்வோஷ் செய்தும் தெளியாவிட்டால், அப்போது மட்டும் ஒரு துணை தேவை.

அந்தத் துணை எங்களுக்குப் புதிது அல்ல. ஊரில் மாரி காலத்துக் கலங்கல் தண்ணீரைக் குடத்தில் எடுத்து, உட்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டு வைப்பார்கள். சிறிது நேரத்தில் மண் அடியில் இறங்கி மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். தேற்றுகின்ற கொட்டை என்பதால்தான் அந்தப் பெயர். இல்லாத வீடுகளில் படிகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். ஒன்றையொன்று தள்ளிக் கொண்டு நிற்கும் சிறு துகள்களை இவை ஒட்ட வைத்துக் கட்டியாக்குகின்றன. கட்டி பாரமானதால் கீழே போகின்றது. தடாகக் கடையில் "ஃபுளொக்" என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் சல்பேற்று, படிகாரத்தின் உடன்பிறப்பு. பையில் எழுதியிருக்கும் அளவுப்படி, வாளித் தண்ணீரில் கரைத்து, மேற்பரப்பு முழுவதும் பரவலாக ஊற்றிக் கலந்த பின், பம்பை நிறுத்திவிட்டு ஓர் இரவு முழுவதும் தடாகத்தைத் தொடாமல் விட வேண்டும். காலையில் அடியில் மூடுபனி போல் ஒரு படுக்கை கிடக்கும். வால்வை "வேஸ்ற்" இடத்துக்குத் திருப்பி, உறிஞ்சும் குழாயால், நித்திரைப் பிள்ளையைத் தூக்குவது போல, மெதுவாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் மறுபடி எழும்பிவிடும். கார்ட்றிட்ஜ் வடிகட்டி வைத்திருப்பவர்கள் இதைப் போட வேண்டாம்; வடிகட்டியை அடைத்துவிடும். அவர்களுக்கு ஓட்டமும் கழுவலுந்தான்.

இதற்கு எவ்வளவு பொறுமை தேவை என்று கேட்பவர்கள் 2017 மார்ச் மாதத்தை ஞாபகப்படுத்திக் கொள்ளலாம். "தாஸ்மன் ரெம்பெஸ்ற்" என்று பெயர் வைத்த புயல் மழையில் ஹூனுவா மலைத்தொடரில் மண் சரிந்து அணைகளுக்குள் இறங்கியது. ஒக்லாந்தின் ஆகப் பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையமான ஆட்மோரில், அந்தச் சேற்றுத் தண்ணீரை வழமையான வேகத்தில் தெளிய வைக்க முடியவில்லை. வேகத்தைக் குறைத்தார்கள். அதனால் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 20 லீற்றர் மிச்சம் பிடியுங்கள் என்று முழு நகரத்தையும் கேட்டார்கள். பொறியியலாளர்களும் பெரிய தொட்டிகளும் உள்ள இடத்திலேயே கலங்கலுக்கு மருந்தோடு நேரமும் தேவைப்பட்டது. எங்கள் தடாகத்துக்கு ஐந்து நாள் பெரிய நாள் இல்லை.

ஒரு விதிவிலக்கு. 2023 ஜனவரி 27ஆம் திகதி வந்தது போன்ற வெள்ளத்தில், வீதித் தண்ணீர் தடாகத்துக்குள் ஏறினால் அதைக் கலங்கல் என்று எண்ண வேண்டாம். கழிவுநீர் கலந்த தண்ணீர் என்றே எடுத்துக் கொண்டு, கையுறை இல்லாமல் தொடாமல், தொழில் தெரிந்தவரை அழையுங்கள்.

மருந்துகளை வைப்பது பற்றி இரண்டு வார்த்தை கட்டாயம் சொல்ல வேண்டும். குளோரின் தூளையும் வில்லையையும் ஒரே வாளியிலோ ஒரே கரண்டியாலோ எடுக்க வேண்டாம். இரண்டும் குளோரின்தானே என்று நினைப்பீர்கள், ஆனால் சேர்ந்தால் தீப் பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். குளோரினோடு அமிலம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். தண்ணீருக்குள் மருந்தைப் போடுங்கள், மருந்துக்குள் தண்ணீரை ஊற்றாதீர்கள். சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அமிலக் கலனை வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. தயவு செய்து அதை வெளியே, பூட்டுள்ள, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

வேலியைப் பற்றியும் வாசகர் கேட்டிருந்தார். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தடாகத்துக்கு வேலி கட்டாயமானது. 2017 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அந்த விதிகள் கட்டடச் சட்டத்துக்குள் கொண்டு வரப்பட்டு, வீட்டுத் தடாக வேலிகளை மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை பரிசோதிக்க வேண்டும் என்று ஆக்கப்பட்டது. 400 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் ஆழம் வரக்கூடிய எதற்கும் இது பொருந்தும். கடையில் வாங்கிக் காற்றடித்து வைக்கும் பிளாஸ்ரிக் தடாகமும் அந்த ஆழம் வந்தால் இதற்குள் அடங்கும். வேலி ஆகக் குறைந்தது 1.2 மீற்றர் உயரம். படலை தடாகத்துக்கு வெளிப்புறமாகத் திறந்து, விட்டவுடன் தானே சாத்திப் பூட்டிக் கொள்ள வேண்டும். படலைக்குக் கல்லை அண்டக் கொடுத்துத் திறந்து வைப்பது எங்கள் கொண்டாட்டங்களில் சாதாரணமாக நடக்கின்றது. உணவுத் தட்டுக்களைக் கொண்டு போக வசதி என்பார்கள். வேலியோடு கதிரையை, பூச்சாடியை வைப்பதும் அப்படியே. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏணி.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், தடாகத்தைப் பராமரிப்பது யார், மருந்துக்குக் காசு யார் என்பதைக் குடியேறுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதுவித்துக் கொள்ளுங்கள். வேலி விஷயத்தில் வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு. படலை தானாகச் சாத்தவில்லை என்றால் வாயால் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். திகதி போட்டு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை உங்கள் கையில் வைத்திருங்கள். திருத்தி முடியும் வரை அந்தப் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டி வையுங்கள்.